வேறு நாட்டுக்குப் பந்து போடும் மருமகன்

1

என் மருமகன் ஜெபராஜ் ஒரு நாட்டுக்காகக் கிரிக்கெட் ஆடுகிறார். அது நம் நாடு இல்லை. வளைகுடாவில் உள்ள ஒரு சின்ன நாடு. பெயரை எழுத வேண்டாம் என்று மகள் மெர்சி கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

போன வாரம் ஊரிலிருந்து ஒருவர் போன் செய்தார். நலம் விசாரித்துவிட்டு, “உம்ம மருமவன் அந்த நாட்டுக்காரனா மாறிட்டானாமே, வேதமும் மாறணுமோ?” என்று கேட்டார். நாடும் மாறவில்லை, மதமும் மாறவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. இன்னும் பத்துப் பேருக்கு இந்தச் சந்தேகம் இருக்கும் என்று தோன்றியதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். தூத்துக்குடியில் உப்பளம், கொல்லத்தில் முந்திரி லாரி, மங்களூரில் மீன்பிடிப் படகு என்று சுற்றிவிட்டு மும்பைக்கு வந்தேன். தாராவியில் மட்டும் மூன்று ரூம் மாறியிருக்கிறேன். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. அதனால்தான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். காலையில் மாட்டுங்காவில் பிள்ளைகளை ஏற்றிச் செம்பூரில் இறக்கிவிடுவேன். மத்தியானம் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். வேனில் பிள்ளைகள் இந்தியில் சண்டை போடும், இங்கிலீஷில் அழும். தமிழ் பேசுகிற வீட்டுப் பிள்ளைகள்தான் பாதிப் பேர். என்னிடம் “அங்கிள், ஜல்தி சலோ”, சீக்கிரம் போங்க, என்று மட்டும் பேசும்.

2

ஜெபராஜும் தாராவியில் பிறந்தவர்தான். மாட்டுங்கா மைதானத்தில் வேலை நாட்களில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய் ஆடிப் பழகினார். லெக் ஸ்பின் போடுவார். மும்பையில் லெக் ஸ்பின் போடுகிறவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. எந்த கிளப்பிலும் இடம் கிடைக்கவில்லை. பைப்பும் டைல்ஸும் விற்கிற ஒரு கம்பெனியின் குடோனில் ஸ்டோர் கீப்பர் வேலை என்று சொல்லி வளைகுடாவுக்குப் போனார்.

அந்த நாட்டில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் எல்லாரும் வேலைக்குப் போனவர்கள்தான். வெள்ளிக்கிழமை விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், கம்பெனிக்குக் கம்பெனி மேட்ச் நடக்கும். நல்லா ஆடுகிறவனுக்கு வேலை நிரந்தரம். சில முதலாளிகள் பந்து போடத் தெரியுமா என்று கேட்டுவிட்டுத்தான் கணக்கு எழுதத் தெரியுமா என்று கேட்பார்களாம். ஜெபராஜின் முதலாளி ஒரு குஜராத்தி சேட். அந்த நாட்டுக் கிரிக்கெட் வாரியத்திலும் அவருக்கு நாற்காலி உண்டு.

மூன்று வருஷம் தொடர்ந்து அங்கே குடியிருந்தால் அந்த நாட்டு அணியில் ஆடலாம் என்பது விதி. பாஸ்போர்ட் மாற வேண்டியதில்லை. குடியுரிமையும் தரமாட்டார்கள். மூன்று வருஷம் முடிந்ததும் சேட் கூப்பிட்டு ஒரு சட்டையைக் கொடுத்தார். மேட்சுக்கு முன்னால் பாட வேண்டிய தேசிய கீதம் அரபியில் இருந்தது. ஜெபராஜ் அதைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படித்தார். அணியில் இருந்த மலையாளி மலையாளத்தில் எழுதிக்கொண்டார். பாகிஸ்தான்காரர்களுக்கு மட்டும் எழுத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

முதல் தடவை அந்த நாட்டு அணியின் பெயர் போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு லீவில் வந்தபோது மும்பை விமான நிலையத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள். கோட்டில் ஒரு நாடு, பாஸ்போர்ட்டில் ஒரு நாடு. அதிகாரி மேலதிகாரியைக் கூப்பிட்டார். மேலதிகாரி வந்து பார்த்து, “ஸ்பின்னரா, ஃபாஸ்டா?” என்று கேட்டு, சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டு அனுப்பினார். எனக்கு இந்த நகரத்தில் ரேஷன் கார்டு வாங்க எத்தனை பேர் முன்னால் நிற்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் அவருக்கு நடந்தது மரியாதைதான்.

3

சிக்கல் போன வருஷம் வந்தது. பேத்திக்கு அப்போது ஐந்து மாதம். தலைப்பிரசவத்துக்கு வந்த மெர்சி எங்களோடுதான் இருந்தாள். ஜெபராஜின் அம்மா முலுண்டில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறார்; அங்கே காலை நீட்ட இடமில்லை. எங்கள் ரூமில் கீழே நானும் என் மனைவி புஷ்பமும், மேலே மாளாவில், அதாவது ஏணி வைத்து ஏறுகிற தட்டில், மகளும் பேத்தியும். ஞானஸ்நானத்துக்காக ஜெபராஜ் ஒரு மாத லீவில் வந்தார்.

வரும்போதே ஒரு நல்ல செய்தி கொண்டுவந்தார். வேறொரு நாட்டில் நடக்கிற பெரிய லீக்கில் ஓர் அணி அவரை எடுத்திருந்தது. கோடீஸ்வர ஆட்டக்காரர்கள் ஆடுகிற லீக். சின்ன நாடுகளிலிருந்தும் ஓர் ஆளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறதாம். அந்த ஓர் ஆள் இவர். ஆடவைப்பார்கள் என்று நிச்சயமில்லை. ஆடினாலும் ஆடாவிட்டாலும் பணம் உண்டு. அந்தப் பணம் இருந்தால் சுனாபட்டியில், உள்ளேயே கக்கூஸ் இருக்கிற ஒரு ரூமுக்கு டெபாசிட் கட்டலாம். நான் ரூமையும் பார்த்துவிட்டேன். வேனைத் திருப்பினால் பத்து நிமிஷம். பேத்தியைத் தினமும் பார்க்கலாம்.

ஞானஸ்நானம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, வந்தவர்கள் பிரியாணி தின்றுவிட்டுப் போன பிறகு சேட்டின் போன் வந்தது. மழையால் தள்ளிப்போயிருந்த தகுதிச் சுற்றுக்குப் புதுத் தேதி குறித்துவிட்டார்கள். லீக் நடக்கிற அதே நாட்கள். தகுதிச் சுற்றில் ஜெயித்தால் அந்த நாடு உலகக் கோப்பைக்குப் போகலாம். ஜெபராஜ் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

சேட் கோபப்படவே இல்லை. “ஜானா ஹை தோ ஜாவோ பேட்டா, லெட்டர் தே தூங்கா” என்றார். போவதானால் போ, தடையில்லை என்று கடிதம் தருகிறேன் என்கிறார். பிறகு, நீ வந்து பந்து போட்டு நாம் உலகக் கோப்பைக்குப் போனால் உன் பெண்டாட்டி பிள்ளைக்குக் குடும்ப விசாவும் கம்பெனி குவார்ட்டர்ஸும் தருகிறேன் என்றார். லீக்குக்குப் போனால்? “ஃபிர் மேரே பாஸ் குச் மாங்னே மத் ஆனா.” அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்டு வராதே. வைத்துவிட்டார்.

4

அந்தக் குடும்ப விசாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டோர் கீப்பருக்கு அது கிடைக்காது. மேனேஜர் வகைக்குத்தான் கிடைக்கும். வேலையின் பெயரைக் காகிதத்தில் மாற்றிக் கொடுக்க முதலாளி மனசு வைக்க வேண்டும். இல்லையென்றால் வருஷத்துக்கு ஒரு மாதம் புருஷன், பதினொரு மாதம் போன்.

புஷ்பம் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். “மாப்ளைக்கு எது தோதுன்னு படுது?”

“எனக்கு ஒண்ணும் ஓடல அத்தை” என்றார் ஜெபராஜ். “லீக்குல ஒரு மேட்ச்கூட இறக்காம இருந்தாலும் இருப்பான். தண்ணி பாட்டில் தூக்கிட்டு ஓடணும். தகுதிச் சுற்றுலன்னா நாலு ஓவர் எனக்குத்தான். ஆனா சேட்டு வாய் வார்த்தைதான் சொல்லுதாரு. தோத்தா அதுவும் கிடையாது.”

என்னைப் பார்த்தார். “மாமா, நீங்க சொல்லுங்க.”

நான் யோசிக்கவே இல்லை. “லீக்குக்குப் போங்க மாப்ளே” என்றேன். “தண்ணி தூக்குனா என்ன, சும்மாவா தூக்குறிய? ரூம் ஒண்ணு கையில வந்துரும். அந்த நாட்டுக்காரன் ஒங்களுக்குப் பாஸ்போர்ட்டா தரப்போறான்?”

சொன்னதெல்லாம் சரியான விஷயம்தான். ஆனால் மகளும் பேத்தியும் சுனாபட்டியில் இருப்பார்கள் என்பதால்தான் சொன்னேன். புஷ்பத்துக்கு அது தெரியும். அவள் கழுவின தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

மெர்சி ஏணியிலிருந்து இறங்கி வந்தாள். மேலே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“அவிய பெஞ்சில உக்காந்து சம்பாதிப்பாவ. அதுல ரூம் எடுத்து, அந்த ரூம்ல நான் பெஞ்சில உக்காந்திருக்கணுமாப்பா?”

“ஏட்டி, மெதுவாப் பேசு, பக்கத்து ரூம்ல கேக்கும்” என்றாள் புஷ்பம்.

“கேக்கட்டும். கக்கூஸ் உள்ள இருந்தா மட்டும் போதுமா? கதவைத் தொறந்து உள்ள வர்றதுக்கு ஆளு வேணும்லா?”

ஜெபராஜ் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “தோத்துட்டா?” என்று கேட்டேன்.

“தோத்தா இப்ப இருக்கிற மாதிரி இருப்போம். இதவிடக் கீழ என்ன இருக்கு, குழாயடிதான இருக்கு” என்றாள். அதோடு முடிந்தது. மறுநாள் ஜெபராஜ் லீக் அணிக்கு வரமுடியாது என்று எழுதினார். அவர்கள் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அன்று சாயங்காலமே வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். ஒரு நாளாவது வருத்தப்பட்டிருக்கலாம் என்று ஜெபராஜுக்குக் குறை.

5

தகுதிச் சுற்று டிவியில் வராது. போனில் ஏதோ ஓர் ஆப்பில் வரும். மூன்று மேட்ச் ஜெயித்துவிட்டார்கள். நாலாவதில் ஜெயித்தால் உலகக் கோப்பை. எதிரணி இன்னொரு வளைகுடா நாடு. அன்று சனிக்கிழமை, வேன் கிடையாது. எங்கள் ரூமில் பதினைந்து பேர் இருந்தார்கள். போனைச் செம்பில் சாய்த்து வைத்திருந்தோம். எங்கள் சந்து முழுக்க ஜெபராஜ் ஆடுகிற நாட்டுக்கு ஆதரவு. அந்த நாடு வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மெர்சியைத் தவிர யாருக்கும் காட்டத் தெரியாது.

கடைசி ஓவர் ஜெபராஜுக்கு வந்தது. எதிரணிக்குப் பத்து ரன் வேண்டும். எதிரே நின்றவன் சட்டையில் ஹரி என்று மட்டும் இருந்தது. வேகமாக அடிக்கிற ஆள். கூட ஆடுகிறவனிடம் சுத்தமான மும்பை இந்தியில் கத்திக்கொண்டிருந்தான்.

ஜெபராஜின் அணியில் கீப்பர் செந்தில், கோயமுத்தூர்க்காரர், ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். இவர்கள் இரண்டு பேருக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. எந்தப் பந்து போட வேண்டும் என்று கீப்பர் தமிழிலேயே சத்தம் போட்டுச் சொல்லிவிடுவார். இந்திக்கும் உருதுக்கும் அங்கே காது நிறைய உண்டு. தமிழ் யாருக்குத் தெரியப்போகிறது? ஸ்டம்பில் மைக் வைத்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

“ஜெபா, உள்ள திருப்பி விடுங்க! கூக்ளி போடுங்க, இவனுக்கு ஒண்ணும் தெரியாது!”

போனிலிருந்து தமிழ் வந்ததும் ரூமே கத்தியது. பக்கத்து ரூம் அந்தோணி, “ஏ, நம்ம பாஷைல்லா!” என்று என் முதுகில் அறைந்தார். ஜெபராஜ் கூக்ளி போட்டார். ஹரி அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி முட்டி போட்டு அடித்தான். சிக்ஸர்.

“பரவால்ல, பரவால்ல ஜெபா! இப்ப வெளிய போடுங்க, நல்லா வெளிய, இழுத்து வாங்குங்க!”

வெளியே போட்டார். அவன் முன்கூட்டியே அங்கே போய் நின்றுகொண்டு கவர் பக்கம் தட்டிவிட்டான். நாலு. இரண்டு பந்தில் மேட்ச் முடிந்துவிட்டது.

ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்கள். அந்தோணி மட்டும், “குருட்டு அதிர்ஷ்டம் வே அவனுக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். மெர்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாளாவுக்கு ஏறிப்போனாள். புஷ்பம் சோறு போட்டாள். சாப்பிட்டோம்.

6

திங்கட்கிழமை காலை மாட்டுங்காவில் ஒரு கட்டிட வாசலில் வேனை நிறுத்தினேன். பேரனை ஏற்றிவிட தினமும் வருகிற மணி சார், பேங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர், பாலக்காட்டுக்காரர். அன்றைக்குக் கையில் பேடா டப்பாவோடு வந்தார்.

“எடுத்துக்கோங்கோ, எடுத்துக்கோங்கோ. நம்மாத்துப் பிள்ளை ஒருத்தன் வேர்ல்ட் கப் போறான்!”

“யாரு சார்?”

“என் தம்பி பிள்ளை. ஹரிஹரன். இந்த பில்டிங்லதான் வளர்ந்தான். ஐடி வேலைக்குன்னு கல்ஃப் போனவன், அந்த நாட்டு டீம்ல ஆடிண்டிருக்கான். கடைசி ஓவர்ல என்ன ஆச்சு தெரியுமோ? கேட்டா சிரிப்பேள். கீப்பரும் பௌலரும் தமிழ்ல பேசிக்கறாளாம்! கூக்ளி போடு, வெளியில போடுன்னு ஒண்ணொண்ணா சொல்லிக் குடுக்கறான். இவன் வாயத் திறக்காம கேட்டுண்டு, தூக்கித் தூக்கி அடிச்சுட்டான். அடிச்சதுக்கு அப்பறமாவது ‘தேங்க்ஸ் அண்ணா’ன்னு தமிழ்ல சொல்லியிருக்கலாமோல்லியோ, படவா!”

நான் பேடாவை வாயில் போட்டிருந்தேன். விழுங்கிவிட்டுச் சொன்னேன். “பந்து போட்டது என் மருமவன் சார்.”

மணி சாரின் கை டப்பாவோடு அப்படியே நின்றது. “ஐயையோ” என்றார். “நெஜமாவா? நான் பாட்டுக்கு... தப்பா எடுத்துக்கப்படாது.”

“இதுல என்ன சார் இருக்கு. ஆட்டம்தான.”

அவர் டப்பாவை முழுதாக என் சீட்டில் வைத்துவிட்டுப் பேரனின் பையைத் தானே தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிப் போனார். பேரன் பை இல்லாமல் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். பேடா நன்றாகத்தான் இருந்தது. மிச்சத்தை வேன் பிள்ளைகள் தின்றுவிட்டன.

அன்று மத்தியானம் ஜெபராஜுக்குப் போன் செய்து சொன்னேன். 

“மாட்டுங்காவா மாமா?”

“ஆமா. நீங்க ஆடுவியள்ல, அந்த மைதானத்துக்குப் பின்னால உள்ள பில்டிங்.”

“செந்திலண்ணன்ட்ட சொன்னா தூக்கு மாட்டிக்கிடுவாரு” என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்துவிட்டு, “சேட்டு போன் எடுக்க மாட்டேங்காரு மாமா” என்றார்.

7

சேட் பத்து நாள் கழித்துப் பேசினாராம். அடுத்த தடவை பார்க்கலாம் என்றாராம். அடுத்த தகுதிச் சுற்றுக்கு வருஷக்கணக்கு ஆகும். நான் அங்காடியில் போய் நல்ல கம்பியாக ஒரு தொட்டில் கம்பி வாங்கிவந்து மாளாவில் அடித்தேன். ஒரு ஃபேனும் மாட்டினேன். ரொம்ப உற்சாகமாகத்தான் செய்தேன்.

“ஒங்களுக்கு சந்தோசந்தான?” என்று கேட்டாள் புஷ்பம்.

“ஆமா” என்றேன். அவளுக்கும் சந்தோஷம்தான். மேலே இருந்த மெர்சிக்கு அந்த ஃபேன் காற்று வேண்டியிருக்கவில்லை, போட்டதை அணைத்துவிட்டாள்.

பிறகு நடந்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. ஜெபராஜ்மேல் சேட் கோபமாக இருக்கிறார் என்ற செய்தி அங்கே பரவியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மேட்சில் சேட்டின் அணிக்கு ஜென்மப் பகையான ஒரு சிமெண்ட் கம்பெனிக்காரர் ஜெபராஜைக் கூப்பிட்டு, என்னிடம் வா, குடும்பத்தோடு வைத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். ஜெபராஜ் யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மைதானத்தில் யார் யாரோடு நின்று டீ குடித்தார்கள் என்பது மறுநாள் சேட்டுக்குப் போய்விட்டது. சனிக்கிழமை கூப்பிட்டு, “பேட்டா, பாப்பாவோட பாஸ்போர்ட் எடுத்தாச்சா?” என்று கேட்டிருக்கிறார். ஸ்டோர் கீப்பர் ஒரே வாரத்தில் அசிஸ்டெண்ட் மேனேஜர் ஆனார். உலகக் கோப்பைக்குப் போயிருந்தால்கூட இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது. நாட்டுக்காகக் கிடைக்காதது கம்பெனி மேட்சுக்காகக் கிடைத்தது.

விமான நிலையத்துக்கு வேனிலேயே கொண்டுபோய் விட்டேன். மெர்சி அழவில்லை, புஷ்பம் அழுதாள். “அங்க ஒனக்கு என்ன பாஷடி பேசுவாவ?” என்று நூறாவது தடவையாகக் கேட்டாள். “தாராவில என்ன பேசுதோமோ அதுதாம்மா, எல்லாம் கலந்து” என்றாள் மெர்சி. உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள். நான் வண்டியை அங்கே நிறுத்தக்கூடாது என்று போலீஸ்காரர் விசிலடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மெர்சி பேசினாள். பேத்திக்கு அப்போது பத்து மாதம். வீட்டுக்குள் நுழைந்ததும் ஜெபராஜ் கை நீட்டியிருக்கிறார். பிள்ளை வீறிட்டு அழுது அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பொம்மை காட்டினார், பந்து காட்டினார், பாட்டுப் பாடினார். கிட்டே வந்தாலே அழுகை. பிள்ளைக்குத் தெரிந்த அப்பா உள்ளங்கை அளவு கண்ணாடிக்குள் இருக்கிறவர். ஐந்து மாதத்தில் இவ்வளவு பெரிய ஆளாகப் பார்த்தது அதற்கு ஞாபகமில்லை.

கடைசியில் ஜெபராஜ் அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மெர்சிக்கு வீடியோ கால் போட்டிருக்கிறார். போனில் அப்பா முகம் வந்ததும் பிள்ளை கை கொட்டிச் சிரித்து, திரையைப் பிடித்து இழுத்திருக்கிறது. அவர் பேசிக்கொண்டே கதவைத் திறந்து, ஓர் எட்டு வைத்து, நின்று, இன்னோர் எட்டு வைத்து வந்திருக்கிறார். பிள்ளை போனைப் பார்த்தது, ஆளைப் பார்த்தது, மறுபடி போனைப் பார்த்தது.

“தூக்கிட்டாரா?” என்று கேட்டேன்.

“இன்னும் இல்லப்பா. பக்கத்துல உக்காந்துக்கிட்டும் போன்லதான் பேசுதாவ” என்றாள் மெர்சி.